மாமனாரின் 60 டப்பா கார்டுகள்: எங்கே, எப்படி விற்பது?

கேள்வி: 4 பிப்ரவரி 2024

அண்ணா, நான் கிளீவ்லாந்து பக்கம் பார்மாவில் இருக்கிறேன். என் மனைவி இந்த ஊர்க்காரி. அவளுடைய அப்பா போன டிசம்பரில் தவறிவிட்டார். ஏப்ரலுக்குள் அவர் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பேஸ்மென்ட்டில் 60 நீள அட்டை டப்பாக்கள், எல்லாம் ஆட்டக்காரர் படம் அச்சிட்ட பேஸ்பால், ஃபுட்பால், பாஸ்கெட்பால் கார்டுகள், சேகரிப்பவர்கள் வாங்குவது. அதுபோக, கையெழுத்துப் போட்ட பந்துகள் ஒரு இருபது, பழைய ஸ்டேடியத்து நாற்காலி இரண்டு, பழைய டிக்கெட்டும் மேட்ச் புத்தகங்களும் போட்டு வைத்த ஒரு டிரங்குப் பெட்டி. எனக்குக் கிரிக்கெட்டைத் தவிர ஒன்றும் தெரியாது. மைத்துனன் "கோடிக்கணக்கில் இருக்கும்" என்கிறான். பக்கத்துக் கடைக்காரர் அரை மணி நேரம் பார்த்துவிட்டு "எல்லாம் சேர்த்து 1500 டாலர், இன்றைக்கே எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார். யாரை நம்புவது?

பதில்: 4 பிப்ரவரி, இரவு

இரண்டு பேரையும் நம்பாதீர்கள். கடைக்காரர் நாளைக்கு 2000 என்று வருவார். காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். டீலரிடம் விற்கவே விற்காதீர்கள்.

இப்போதைக்கு எதையும் துடைக்காதீர்கள். பழைய ரப்பர் பேண்ட் கார்டோடு ஒட்டிப்போயிருந்தால் இழுக்காதீர்கள், கத்தரியால் வெட்டுங்கள். பிரிக்காத பாக்கெட்டை ஆசைப்பட்டுப் பிரிக்காதீர்கள். எந்த டப்பா எந்த அலமாரியில் இருந்தது என்று படம் எடுத்துவிட்டு அப்புறம் தொடுங்கள். அந்தத் தலைமுறை ஆட்கள் நோட்டுப் போட்டு எழுதி வைப்பார்கள், அதையும் தேடுங்கள்.

வருஷம் கண்டுபிடிக்க ஒரு வழி: பேஸ்பால் கார்டின் பின்பக்கம் ஆட்டக்காரரின் ரன் கணக்கு வருஷவாரியாக இருக்கும். அது எந்த வருஷத்தோடு முடிகிறதோ, அதற்கு அடுத்த வருஷத்துக் கார்டு அது. டப்பாவுக்கு நாலு கார்டு உருவிப் பார்த்து, டப்பா மேலேயே பென்சிலால் எழுதுங்கள்.

6 பிப்ரவரி

60-ல் 44 டப்பா 1986-க்கும் 1993-க்கும் இடைப்பட்டவை என்று எழுதியிருக்கிறீர்கள். நினைத்தேன்.

இந்தக் காலத்துக்கு இங்கே ஒரு பெயரே உண்டு: 'ஜங்க் வேக்ஸ்'. வேக்ஸ் என்றால் அப்போது பாக்கெட் சுற்றிய மெழுகுக் காகிதம், ஜங்க் உங்களுக்கே தெரியும். 1950-களின் கார்டுகள் ஆயிரக்கணக்கில் விலை போவதைப் பார்த்துவிட்டு, எண்பதுகளின் கடைசியில் ஊரே கார்டு வாங்கிப் பரணில் போட்டது. டாப்ஸ், ஃப்ளீர், டான்ரஸ், ஸ்கோர், அப்பர் டெக் என்று கார்டு கம்பெனிகள் எல்லாம் அச்சடித்துத் தள்ளின. அந்தக் காலத்தில் ஒருவரும் தூக்கிப் போடவில்லை. ஆகவே இன்றைக்கும் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, வாங்கத்தான் ஆள் இல்லை.

ஊர் ஊர் என்கிறேனே, நானும் அதில் ஒருத்தன். 1989-ல் நியூஜெர்சி வந்தேன். பையனுக்கு ஐந்து வயது. ஆபீசில் ஒருவர் "இதை வாங்கி வை, பிள்ளையின் காலேஜ் ஃபீஸ் வந்துவிடும்" என்றார். வாங்கினேன். பெட்டி பெட்டியாக வாங்கினேன். பையன் காலேஜ் முடித்தது கடன் வாங்கித்தான்.

விலை எங்கிருந்து வருகிறது என்று புரிய ஒரு கதை. 1952-ல் டாப்ஸ் வெளியிட்ட வரிசையில் கடைசித் தொகுதி விற்காமல் கிடந்தது. 1960-ல் சை பெர்கர் என்ற டாப்ஸ் அதிகாரி அதை ஒரு படகில் ஏற்றி எங்கள் நியூஜெர்சி கரைக்கு அப்பால் கடலில் கொட்டிவிட்டார். அந்தத் தொகுதியில்தான் பேஸ்பால் நட்சத்திரம் மிக்கி மேன்டிலின் கார்டு இருந்தது. 2022 ஆகஸ்டில் அதில் ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. கடலில் கரைத்த பெருங்காயம் என்று நாம் சொல்வது வேறு அர்த்தத்தில். இங்கே கரைத்ததால்தான் வாசனை.

உங்கள் 44 டப்பாவை யாரும் கடலில் கொட்டவில்லை என்பதுதான் பிரச்சினை.

6 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

ஒரு கணக்குப் போட்டேன். டப்பாவுக்கு 800 என்றால் 48,000 கார்டு. ஒவ்வொன்றையும் படமெடுத்து ஈபேயில் ஏற்ற இரண்டு நிமிஷம் என்று வையுங்கள். 1600 மணி நேரம். வாரம் 40 மணி வேலை பார்த்தால் 40 வாரம். அதற்கு வேலையை விட வேண்டும். ஆகவே நீங்கள் விற்கப்போவது 48,000 கார்டு அல்ல, ஒரு நூறு, நூற்றைம்பது. மீதி சுமை.

11 பிப்ரவரி

44 டப்பாவும் குப்பை என்ற மாதிரி எழுதிவிட்டேன், திருத்திக்கொள்கிறேன். குப்பைக்குள் இவற்றை மட்டும் தேடுங்கள்:

1989 அப்பர் டெக், முதல் எண், கென் கிரிஃபி ஜூனியர். லட்சக்கணக்கில் இருக்கிற கார்டுதான், ஆனாலும் கேட்பார் உண்டு. 1990 டாப்ஸ் ஃபிராங்க் தாமஸ், முன்பக்கத்தில் பெயர் அச்சாகாமல் விட்டுப்போனது, எண் 414. பெயர் இருந்தால் சில்லறைக்காசு, இல்லாவிட்டால் நல்ல விலை. 1993 எஸ்பி (அப்பர் டெக்கின் ஒரு வரிசை) டெரக் ஜீட்டர், எண் 279, பளபளவென்று இருக்கும். ஓரம் உதிராமல் கிடைப்பது கஷ்டம். 1986 ஃப்ளீர் பாஸ்கெட்பால் எதுவாக இருந்தாலும் தனியே வையுங்கள். அதில் எண் 57 மைக்கேல் ஜோர்டன் என்றால் எனக்கு உடனே போன் செய்யுங்கள், ராத்திரி இரண்டு மணியானாலும் பரவாயில்லை. ஆனால் அதன் போலிகள் இந்தத் தேசம் முழுக்க உலாவுகின்றன.

1989 ஃப்ளீர் எண் 616, பில்லி ரிப்கன். அவர் பிடித்திருக்கும் மட்டையின் அடிக்குமிழியைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஒரு கெட்டவார்த்தை எழுதியிருக்கும். அச்சாகிக் கடைக்கு வந்த பிறகுதான் கம்பெனி கவனித்தது. பிறகு கறுப்புப் பெட்டி போட்டு மறைத்தும் கிறுக்கி அழித்தும் வேறு வேறு ரகமாக வெளியிட்டார்கள். என் பையன் ஏழு வயதில் அதைக் கொண்டுவந்து "அப்பா, இதற்கு என்ன அர்த்தம்" என்று கேட்டான். அன்றைக்கு எனக்கும் தெரியாது.

17 பிப்ரவரி

பழைய கார்டுகள் போட்ட அந்த ஷூ டப்பாவைப் பற்றி ஏன் முதலிலேயே சொல்லவில்லை? நேற்று வீடியோவில் நீங்கள் ஏதோ பழைய துணியைக் காட்டுவதுபோல் அலட்சியமாகக் காட்டினீர்கள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

மாமனார் பையனாக இருந்தபோது சேர்த்தவை அவை. 1957-லிருந்து 62 வரை. கிளீவ்லாந்து பேஸ்பால் ஆட்டக்காரர் ராக்கி கொலவிட்டோவின் 1957 முதல் கார்டு. அப்புறம், 1958 டாப்ஸ் எண் 62, ஜிம் பிரவுன். கிளீவ்லாந்து பிரவுன்ஸ் ஃபுட்பால் அணியின் ஜிம் பிரவுன், அவருடைய ரூக்கி கார்டு, அதாவது முதல் கார்டு. 44 டப்பாவையும் தராசின் ஒரு தட்டில் வைத்து, இந்த ஒரு கார்டை மறு தட்டில் வைத்தால், கார்டு இருக்கும் பக்கம்தான் சாயும். மனிதர் போன மே மாதம்தான் இறந்தார். உங்கள் மாமனார் அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்திருக்கிறார்.

இப்போது செய்ய வேண்டியது. கையைக் கழுவி நன்றாக ஈரம் போகத் துடையுங்கள். மேஜை விளக்கை ஓரமாக வையுங்கள், நேர் மேலே வேண்டாம். கார்டின் ஓரங்களை மட்டும் பிடித்து மெதுவாகச் சாயுங்கள். வெளிச்சம் கார்டின் முகத்தில் வழுக்கிக்கொண்டு போகும். எங்காவது ஒரு கோட்டில் தட்டி நின்றால் அது மடிப்பு. நேராகப் பார்த்தால் அது தெரியாது. உங்களுடையதில் இடது கீழ்மூலையில் ஒரு மயிரிழை மடிப்பு இருப்பதாக எனக்குப் பட்டது. அப்புறம் நாலு மூலையும் எவ்வளவு மழுங்கியிருக்கிறது, படம் நாலு பக்க விளிம்புக்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். பென்னி ஸ்லீவ் என்கிற மெல்லிய உறையில் போட்டு, அதை டாப் லோடர் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செருகுங்கள். வெறும் கார்டை நேரே டாப் லோடரில் தள்ளினால் மூலை போய்விடும். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

2 மார்ச்

"எல்லாவற்றையும் கிரேடிங்குக்கு அனுப்பிவிடலாமா?" கூடாது.

கிரேடிங் என்றால், கார்டை ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினால் அவர்கள் அசலா என்று பார்த்து, ஒன்று முதல் பத்து வரை மார்க் போட்டு, பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தருவார்கள். அந்தக் கூட்டுக்கு ஸ்லாப் என்று பெயர். பிஎஸ்ஏ, எஸ்ஜிசி, பெக்கெட் என்று மூன்று பெயர்கள் அடிக்கடி அடிபடும். போன மாதக் கடைசியில் பிஎஸ்ஏயின் தாய் நிறுவனமே எஸ்ஜிசியை வாங்கிவிட்டதாகச் செய்தி. 2024-ல் கார்டுக்கு ஏறத்தாழ 20 டாலரில் ஆரம்பித்தது. போகவர தபால், இன்ஷூரன்ஸ் தனி. கார்டின் மதிப்பு கூடினால் கட்டணமும் கூடும்.

என் கதை: 1987 டாப்ஸ், மரப்பலகை மாதிரி ஓரம் போட்ட வரிசை, எண் 320, பேரி பாண்ட்ஸ். என்னிடம் நாற்பது இருந்தது. கண்ணுக்கு அழகாகத் தெரிந்த 24-ஐ எடுத்து அனுப்பினேன். பத்துக்குப் பத்து வந்தால் ஒவ்வொன்றும் இருநூறுக்கு மேல். மனசுக்குள் 24-ஐ இருநூறால் பெருக்கி, அந்தப் பணத்துக்கு ஒரு கூரைச் செலவுகூடத் திட்டமிட்டுவிட்டேன். வந்தது: ஒன்பது மார்க் ஒன்பது கார்டு, எட்டு மார்க் பதினைந்து. பத்து ஒன்றுகூட இல்லை. விற்று முடித்தபோது கையிலிருந்து இருநூறு டாலருக்கு மேல் போயிருந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

ஜிம் பிரவுனை அனுப்புங்கள். மார்க்குக்காக அல்ல, அசல் என்ற முத்திரைக்காக. நாலு மார்க் வந்தாலும் போதும். கொலவிட்டோவை அனுப்புவதும் அனுப்பாததும் ஒன்றுதான்.

3 மார்ச்

என் மனைவி நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, கூரை இன்னும் ஒழுகுகிறது என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

19 மார்ச்

பந்துகள். இருபதில் ஒன்பது பாப் ஃபெல்லர் கையெழுத்து. கிளீவ்லாந்து பேஸ்பால் அணியின் பெரிய பந்து வீச்சாளர், 2010-ல் இறந்தார். யார் கேட்டாலும் மறுக்காமல் கையெழுத்துப் போட்ட மனிதர். அவருடைய கையெழுத்து இல்லாத பந்துதான் அரிது என்று இங்கே ஒரு பழைய ஜோக். அதனால் விலை குறைவு. ஆனால் யாரும் போலி செய்ய மெனக்கெடாததால் அசலாக இருக்கும்.

மற்றவற்றில் கண்ணை இழுப்பது சாட்செல் பேஜ் பந்து. கறுப்பினத்தவரின் லீக்குகளில் வாழ்நாளெல்லாம் விளையாடிவிட்டு, 1948-ல் 42 வயதில் கிளீவ்லாந்துக்கு வந்து பந்து வீசியவர். இவருடைய அசல் கையெழுத்துப் பந்து என்றால் ஜிம் பிரவுன் கார்டையே தூக்கிச் சாப்பிட்டுவிடும். கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. கூடவே ஒரு சான்றிதழும் இருக்கிறது என்கிறீர்கள். பொறுமையாகப் பார்ப்போம்.

20 மார்ச்

நேற்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். கையெழுத்தைப் பார்த்தேனே தவிர, பந்தைப் பார்க்கவில்லை.

பேஸ்பாலின் இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் அதிகாரபூர்வப் பந்துகளில் அப்போதைய லீக் தலைவரின் பெயர் அச்சாகியிருக்கும். 1959-லிருந்து 73 வரை ஜோ க்ரோனின். 74-லிருந்து 83 வரை லீ மெக்பெயில். அதற்குப் பிறகு 94 வரை பாபி பிரவுன். நீங்கள் இன்று அனுப்பிய படத்தில், தையலுக்குப் பக்கத்தில், மங்கலாக, பாபி பிரவுன் என்று இருக்கிறது. சாட்செல் பேஜ் 1982 ஜூனில் இறந்துவிட்டார்.

செத்தவர் வந்து கையெழுத்துப் போடமாட்டார், தம்பி.

சான்றிதழைப் பற்றியும் சொல்கிறேன். யார் வேண்டுமானாலும் தங்க நிறக் காகிதத்தில் ஒரு சான்றிதழ் அடிக்கலாம். தொண்ணூறுகளின் கடைசியில் எஃப்பிஐ 'ஆபரேஷன் புல்பென்' என்று ஒரு பெரிய போலிக் கையெழுத்துக் கும்பலைப் பிடித்தது. அவர்களுடைய சரக்கோடும் சான்றிதழ்கள் போயின. வாங்குகிறவர்கள் மதிப்பது பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் மாதிரி கையெழுத்தைச் சரிபார்க்கும் இரண்டு மூன்று நிறுவனங்களின் கடிதத்தைத்தான்.

அதை விற்க வேண்டாம். "கையெழுத்துக்கு உத்தரவாதம் இல்லை" என்று போட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் வேண்டாம். அடுத்த மருமகன் ஒருத்தன் தலையில் போய் விழும்.

21 மார்ச்

மனைவியிடம் சொல்லவா என்று கேட்கிறீர்கள். அப்பா எவ்வளவு கொடுத்து வாங்கினார் என்று நோட்டில் எழுதியிருக்கிறாரா? எழுதியிருந்தால் கொஞ்ச நாள் போகட்டும். இந்த விஷயத்தில் நான் கார்டு ஆலோசகர் மட்டும்தான்.

14 ஏப்ரல்

நாளைக்கு வரி கட்டக் கடைசி நாள், அதனால் வரி ஞாபகம் வந்தது. புத்தாண்டு அன்று எழுத வேண்டிய சமாச்சாரமா என்றால், அமெரிக்கத் தமிழனுக்குச் சித்திரை ஒன்று என்றாலே வரிதான்.

சேகரிப்புப் பொருள்களை ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து லாபத்துக்கு விற்றால் 28 சதவீதம் வரை வரி போகலாம். பங்குச் சந்தை விகிதம் இதற்குக் கிடையாது. ஆனால் உங்களுடையது வாரிசாக வந்த சொத்து. மாமனார் 1958-ல் ஐந்து சென்ட்டுக்கு வாங்கினார் என்பது கணக்கில் வராது. அவர் இறந்த நாளில் அதன் சந்தை விலை என்னவோ, அதுதான் உங்கள் மனைவியின் அடக்க விலை. அன்றைய தேதியை ஒட்டி ஈபேயில் அதே மாதிரி கார்டுகள் விற்ற விலையைப் படமெடுத்து வைத்துவிடுங்கள். பெரிய லாபமே வராது. அந்தப் படங்கள் இல்லாவிட்டால், விற்ற மொத்தத் தொகையைக் காட்டும் 1099-கே வரிப் படிவத்தை ஈபே அனுப்பினால் விற்றதெல்லாம் லாபம் மாதிரி தெரியும். உங்கள் கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

12 மே

டப்பாக்கள் உங்கள் கராஜுக்கு வந்துவிட்டன, கார் வெளியே நிற்கிறது, வீட்டம்மா முறைக்கிறாள். புரிகிறது. எங்கே விற்பது என்று ஒருவழியாக முடிவு செய்வோம்.

ஈபே: நூறு பேர் பார்ப்பார்கள், நல்ல விலை வரும். ஏறத்தாழ 13 சதவீதம் அவர்களுக்கு. 20 டாலருக்குள் விற்கிற கார்டை அவர்களுடைய சாதா உறைத் தபாலில் அனுப்பலாம், மலிவு. கார்டு என்றால் 250 டாலருக்கு மேல் போனால் நடுவில் ஒரு சரிபார்ப்பு இடத்துக்குப் போய்விட்டு வாங்கியவரிடம் போகும், அதனால் "வேறு கார்டு வந்தது" என்று ஏமாற்ற முடியாது. விலை வைக்கும்போது மற்றவர்கள் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள். விற்றுப்போன விலையை மட்டும் பாருங்கள். 'பேரம் ஏற்கப்பட்டது' என்று கோடு போட்டிருந்தால், உண்மையில் எவ்வளவுக்குப் போனது என்பதை 130 பாயிண்ட் தளம் காட்டும்.

ஏல நிறுவனங்கள், ஹெரிட்டேஜ், கோல்டின் மாதிரி: உங்கள் சரக்குக்கு அவர்கள் வாசலைத் தாண்ட முடியாது, ஜிம் பிரவுன் எட்டு மார்க் வாங்கியிருந்தால் வேறு கதை. கோல்டினைப் போன மாதம் ஈபேயே வாங்கப்போவதாக அறிவித்துவிட்டது. எல்லா ஆறும் ஒரே கடலில்தான்.

நாற்காலி: தபாலில் அனுப்பவே நினைக்காதீர்கள். கிளீவ்லாந்துக்காரனுக்கே விற்க வேண்டும், அவனே வந்து வண்டியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். கிளீவ்லாந்து அணிகள் ஆடிய அந்த முனிசிபல் ஸ்டேடியத்தை இடித்து, கான்கிரீட்டை ஈரி ஏரியில் மீன்களுக்குத் திட்டாகப் போட்டார்கள். மிஞ்சியது நாற்காலிதான். இந்த நாட்டில் மதிப்பு வர வேண்டுமென்றால் எதையாவது தண்ணீரில் போட வேண்டும் போலிருக்கிறது.

25 மே

அக்ரன்காரரான பாஸ்கெட்பால் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸின் கார்டு கிடைத்துவிட்டது என்று மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தீர்கள். படத்தைப் பார்த்தேன். அது 2003-ல் அப்பர் டெக் லெப்ரானுக்கென்றே வெளியிட்ட பெட்டித் தொகுப்பு. அக்ரன், கிளீவ்லாந்து வட்டாரத்தில் வீட்டுக்கு ஒன்று இருக்கும். பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

ஆனால் அதே டப்பாவின் பின்னால் பைண்டரில் மூன்று தெரிகிறதே, 2003-04 டாப்ஸ் எண் 221, அவை வேறு. அவற்றை எடுங்கள். டாப்ஸ் க்ரோம் என்ற பளபள ரகத்தில் எண் 111 இருக்கிறதா என்று அந்தப் பைண்டரை இன்னொரு தடவை புரட்டுங்கள்.

26 மே

இல்லையா. சரி.

28 ஜூலை

கிளீவ்லாந்தின் கண்காட்சி மண்டபமான ஐஎக்ஸ் சென்டரிலிருந்து இப்போதுதான் ஓட்டல் வந்தேன், கால் விண்விண் என்று தெறிக்கிறது. தேசிய கார்டு மாநாடு இந்த வருஷம் உங்கள் வாசலுக்கே வந்தது. ஒருகாலத்தில் ராணுவ டாங்கி செய்த ஆலை அது. உள்ளே மேஜைக்கு மேஜை கார்டு. மதுரையில் நானும் என் தம்பியும் தீப்பெட்டிப் படங்களைப் பாயில் பரப்பி வைத்து "உன்னிடம் யானை எத்தனை, என்னிடம் யானை எத்தனை" என்று சண்டை போட்டதை, இங்கே அறுபது வயது ஆட்கள் கையில் நோட்டுக்கட்டோடு போடுகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

டீலரிடம் விற்காதீர்கள் என்று பிப்ரவரியில் அதிகாரமாக எழுதியிருந்தேன். நேற்று நாம் இருவரும் அந்த ஷூ டப்பாவை மூன்று டீலர்களிடம் காட்டினோம். முதல் ஆள் பாதி விலை சொன்னார். இரண்டாவது ஆள் ஒவ்வொரு கார்டாக எடுத்து, நான் காட்டிக்கொடுத்தது போலவே விளக்குக்குக் கீழே சாய்த்து, ஒரு தாளில் எழுதி, ஈபேயில் விற்ற விலையில் 70 சதவீதம் என்றார். மூன்றாவது ஆள் அதைத் தாண்டவில்லை. இரண்டாமவரிடமே 1850-க்குக் கொடுத்தோம், ரொக்கம். ஈபேயில் போட்டிருந்தால் 13 சதவீதம், தபால், உறை, நூறு தடவை போஸ்ட் ஆபீஸ், நாலு பேர் திருப்பி அனுப்புவது. 70-க்கும் அதற்கும் பெரிய தூரம் இல்லை. நான் எழுதியது தப்பு. டீலரிடம் விற்கலாம், ஆனால் பல டீலர்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இடத்தில், விலை உங்களுக்கும் தெரிந்திருக்கும்போது விற்க வேண்டும்.

நீங்கள் பேரம் பேசும்போது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரங்கநாதன் தெரு பயிற்சியா?

18 ஆகஸ்ட்

44 டப்பா. மூன்று மாதமாக ஃபேஸ்புக்கில் போட்டும், வந்தவன் எல்லாம் "ஜோர்டன் இருக்கா" என்று கேட்டுவிட்டுப் போகிறான் என்கிறீர்கள்.

எடை போட்டால் அறுபது கிலோவுக்கு மேல் வரும். அந்த 1500 கடைக்காரரையே கூப்பிடுங்கள். நல்லதை எடுத்துவிட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் பிள்ளைகளுக்கு டாலருக்குப் பத்து என்று போட்டு விற்பார், அவருக்குத்தான் இது பயன்படும். பிரிக்காத 1990 பாக்கெட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு ஹாலோவீனுக்குக் கொடுங்கள். உள்ளே பபிள்கம் இருந்தால் எடுத்துவிடுங்கள். முப்பத்துநாலு வருஷத்துச் சரக்கு அது. நான் ஒருதடவை வாயில் போட்டுப் பார்த்தேன், ஓடு மாதிரி உடைந்தது.

3 நவம்பர்

கணக்கு அனுப்பியதற்கு நன்றி. மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். ஷூ டப்பா 1850. நாற்காலிகள் 600. ஜிம் பிரவுன், நாலு மார்க், எல்லாம் போகக் கையில் 540. கிரிஃபி, தாமஸ் வகையறா 420. கடிதம் வாங்கிய மற்றப் பந்துகள் 380. 44 டப்பா, அதே கடைக்காரர், 350. லெப்ரான் மூன்றும் 310. ஃபெல்லர் ஒன்பதும் மொத்தமாக 200. மேட்ச் புத்தகங்கள் 90. ஆகமொத்தம் 4740. கிரேடிங், உறை, கடிதச் செலவு 260 கழித்தால் 4480.

நீங்கள் நோட்டுப் போட்டு நேரமும் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், மாமனார் ரத்தம் மாதிரியே ஒட்டிக்கொண்டுவிட்டது: 190 மணி. முதல் நாளே 1500 வாங்கியிருந்தால் இந்த 190 மணி மிச்சம். அதிகம் வந்த 2980-ஐ 190-ஆல் வகுத்தால் மணிக்கு 15 டாலர் 68 சென்ட் சொச்சம். ஓஹையோவில் 2024-ல் குறைந்தபட்சக் கூலி 10 டாலர் 45 சென்ட். பரவாயில்லை. அந்தக் கடைக்காரரைப் பற்றி நான் சொன்னதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். அவர் ஷூ டப்பாவைப் பார்க்கவில்லை. பார்த்ததற்கு 1500 சொன்னது அநியாயம் இல்லை.

மைத்துனன் இன்னும் கோடி பேசுகிறானா?

4 நவம்பர்

டிரங்குப் பெட்டியில் இருந்த டிக்கெட் துண்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், நேற்றுக் கவனிக்கவில்லை. 1948 உலகத் தொடர் (பேஸ்பாலின் இறுதித் தொடர்), ஐந்தாவது ஆட்டம், அக்டோபர் 10. உங்கள் மாமனாரின் அப்பா போனது. அன்றைக்கு அந்த ஸ்டேடியத்தில் 86,288 பேர். அவ்வளவு பேர் போனதால் துண்டுகளும் நிறைய மிஞ்சியிருக்கும், பெரிய விலை வராது என்று எழுத வந்தேன்.

அப்புறம் ஸ்கோரைத் தேடிப் பார்த்தேன். ஃபெல்லர்தான் முதலில் வீசினார், தோற்றார். நடுவில் வந்து வீசியவர்களில் சாட்செல் பேஜும் உண்டு. இரண்டே இரண்டு பேரை அவுட் ஆக்கினார். உலகத் தொடரில் பந்து வீசிய முதல் கறுப்பின ஆட்டக்காரர் அவர், அது அந்த ஆட்டத்தில்தான்.

டிக்கெட்டை விற்காதீர்கள். டாப் லோடரில் போடுங்கள், அந்த அளவில் டிக்கெட்டுக்கென்றே தனியாகக் கிடைக்கும். பந்தைப் பற்றி வீட்டில் சொல்லியாயிற்றா?